கிட்டங்கி கட்டினோம், திரும்பிப் போனோமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், "பல்கலைக்கழகங்கள் கிராமங்களைத் தத்தெடுத்து இதுவரை என்ன கிழித்தன?" என்று கேட்டிருந்தார். கேட்ட விதம் கொஞ்சம் காரம். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன். தென் மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1984-இல் கள ஆய்வாளராகச் சேர்ந்து, 2020-இல் திட்ட அலுவலராக ஓய்வு பெற்றேன். வட்டார வளர்ச்சித் திட்டம், ஊராட்சித் திட்டம், வீடு வீடாகக் கணக்கெடுப்பு என்று நான் எழுதியதும் கையெழுத்துப் போட்டதுமான அறிக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என் இடுப்பு உயரத்துக்கு வரும். அவற்றில் எத்தனை அந்தந்த ஊருக்கு உதவின என்று கேட்டால் எண்ணிச் சொல்ல ஒரு கை போதும்.

'தத்தெடுப்பு' என்ற சொல்லே எனக்கு ஆகாது. அந்த ஊர் என்ன அநாதையா? 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஐந்து கிராமங்களையாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வந்தபோதும் இதே சொல்தான் புழங்கியது. ஊர் எல்லையில் பலகை வைத்தோம். பலகை வைத்த அன்று எடுத்த படங்கள் ஆண்டறிக்கையில் வந்தன. சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது திண்டுக்கல் தனி மாவட்டம்கூட இல்லை, மதுரையோடு இருந்தது. 1985 செப்டம்பரில்தான் பிரித்தார்கள். அது ஐ.ஆர்.டி.பி. காலம். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்ற முழுப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது, 'மாட்டு லோன்' என்றால் தெரியும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு மானியமும் வங்கிக் கடனுமாகச் சேர்த்துக் கறவை மாடு வாங்கித் தருவார்கள். மாட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு, அதற்கு அடையாளமாகக் காதில் ஒரு தோடு. மாடு செத்தால் தோடோடு காதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒரு வீட்டில் ஒற்றைக் காதோடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்த மாட்டை நானே பார்த்தேன். என் படிவத்தில் 'வாங்கிய சொத்து தற்போது உள்ளதா?' என்றொரு கேள்வி. வீட்டுக்காரர் மாட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சுன்னே எழுதிக்கங்க தம்பி" என்றார். எழுதிக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் நினைப்பு.

என்னுடைய பெரிய சறுக்கல் நடந்தது நத்தம் பக்கம். கரந்தமலை அடிவாரத்தில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி, கோபால்பட்டி வழியாக நத்தம் போகும் பஸ்ஸில் ஏறி, இறங்கி, அப்புறம் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். நத்தம் என்றால் மாங்காயும் புளியும். அந்த ஊரில் மாந்தோப்பு வைத்திருந்தவர்கள் சில பேர்தான், புளியை நம்பியிருந்தவர்கள் பல பேர். வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு மரம், அல்லது ஊராட்சி ஏலம் விடும் சாலையோர மரங்களின் பலனை நாலு பேர் சேர்ந்து எடுப்பது. மாசி, பங்குனியில் உலுக்கிப் பொறுக்கி, ஓட்டை உடைத்து, கொட்டை எடுத்து, மூட்டை கட்டுவார்கள். உடைப்பதும் கொட்டை எடுப்பதும் முழுக்கப் பெண்கள் வேலை. சீசனில் அந்த ஊர்ப் பெண்களின் விரல் நகங்களைப் பார்த்தாலே தெரியும், ஓரமெல்லாம் கறுத்திருக்கும்.

1994-இல் அங்கே பத்து நாள் தங்கித் திட்டம் போட்டோம். பி.ஆர்.ஏ. என்று ஒரு முறை அப்போது புதிதாகப் பரவியிருந்தது. நாம் கேள்வித்தாளோடு போய்க் கேட்பதற்குப் பதிலாக, ஊர்க்காரர்களே தங்கள் ஊரைத் தரையில் வரைந்து, பிரச்சினைகளைத் தாங்களே வரிசைப்படுத்துவது. எங்களுக்கெல்லாம் ஒரே உற்சாகம். சாவடிக்கு முன்னால் மந்தையில் கோலப்பொடியால் பெரிய படம் போட்டார்கள். மலை, ஓடை, கம்மாய், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தது. காலனி மட்டும் ஒரு மூலையில் சின்னதாக ஒரு வட்டமாக வந்தது. காலனிப் பெண்கள் நாலைந்து பேர் மந்தைக்குள் வராமல் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கிணறு படத்தில் இல்லை என்பதை மறுநாள் அங்கே போனபோதுதான் கவனித்தேன். பென்சிலால் சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம் புளியங்கொட்டை. பெண்களை வட்டமாக உட்கார வைத்து ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்தோம். நடுவில் ஆறு சாக்பீஸ் வட்டம்: குடிதண்ணீர், பாதை, பஸ், வேலை, புளி விலை, கடன். எது பெரிய கஷ்டமோ அதில் அதிகக் கொட்டை வைக்க வேண்டும். குடிதண்ணீர் வட்டத்தில் குவியலே விழுந்தது. அடுத்தது புளி விலை. கடன் வட்டத்தில் மூன்றே மூன்று கொட்டை. நான் குறிப்பேட்டில் 'கடன் இவ்வூரில் முக்கியப் பிரச்சினை அன்று' என்று எழுதினேன். அந்த வாக்கியம் அறிக்கையில் 23-ஆம் பக்கத்தில் அச்சாகியும் வந்தது.

கணக்கு எளிதாகத் தெரிந்தது. சீசனில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் புளி விலை விழுகிறது. ஆவணி, புரட்டாசி வரை வைத்திருந்தால் நல்ல விலை கிடைக்கும். வைத்திருக்க இடமில்லை, ஆகவே கிடங்கு வேண்டும். 1995-இல் ஜவகர் வேலைவாய்ப்புத் திட்ட நிதியில் முப்பதடிக்கு இருபதடியில் கட்டிடம் எழும்பியது. மேலே ஆஸ்பெஸ்டாஸ். சுவரில் 'புளி சேமிப்புக் கிடங்கு' என்று பெயிண்டில் எழுதினோம். ஊரில் யாரும் கிடங்கு என்று சொல்லவில்லை, கிட்டங்கி என்றுதான் சொன்னார்கள்.

முதல் சீசனில் பதினோரு மூட்டை வந்தது. சித்திரை முடிவதற்குள் ஒன்பது மூட்டை வெளியே போய்விட்டது. மீதி இரண்டும் ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் கசிந்து, மழைக்காலம் வந்ததும் கறுத்து, சாக்கு தரையோடு ஒட்டிக்கொண்டது. புளியைச் சாதாரண அறையில் மாதக்கணக்கில் வைத்தால் நிறம் போய்விடும், நிறம் போனால் விலை போய்விடும். அதனால்தான் பெரிய வியாபாரிகள் குளிர்பதனக் கிடங்கில் போடுகிறார்கள். நத்தம் சந்தையில் எந்தக் கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அந்த இரண்டு மூட்டைக்காரர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த வருடம் கிட்டங்கிக்கு ஒரு மூட்டைகூட வரவில்லை.

மதிப்பீட்டு அறிக்கையில் நான் எழுதிய வரி: 'பயனாளிகளின் ஈடுபாடு போதுமானதாக இல்லை.' எழுதியவன் நான்தான், வேறு யார் தலையிலும் போட முடியாது. இதே கிட்டங்கியை வைத்து மக்கள் பங்கேற்புத் திட்டமிடல் என்று ஒரு கட்டுரை எழுதிக் கருத்தரங்கில் வாசித்தேன். அந்தக் கட்டுரையும் சேர்ந்துதான் எனக்கு அடுத்த பதவி உயர்வு வந்தது. கட்டுரையில் புளி கறுத்த விஷயம் கிடையாது.

ஆறு வருடம் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. போகக் காரணமும் இல்லை. திட்டம் முடிந்துவிட்டது, கோப்பு மூடப்பட்டுவிட்டது. 2001-இல் நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். பூக்குழி பார்க்கக் கூட்டம் நெருக்கியது. ஓரமாக ஒதுங்கி நின்ற இடத்தில் ஓர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சர்வே சார்தான?" என்றார். மந்தையில் கொட்டை வைத்தவர்களில் ஒருவர்.

"அன்னைக்குக் கொட்டை வச்சோமே சார், ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"கடனுக்கு எத்தன விழுந்துச்சு?"

"மூணு."

"ஏன்னு யோசிச்சீகளா?"

நான் பேசாமல் நின்றேன். "யாவாரி வீட்டம்மா எனக்குப் பக்கத்துலதான உக்காந்திருந்தாக. அவுக பாக்க, எனக்குக் கடன் இருக்குன்னு எப்படி சார் கொட்டைய வைக்கிறது? தை மாசமே முன்பணம் வாங்கியாச்சு. காய் மரத்துல இருக்கையிலேயே அது அவுகளுது. அதக் கொண்டாந்து நாங்க எப்படி உங்க கிட்டங்கில பூட்டிவைக்க?"

அவ்வளவுதான். பொங்கல் செலவுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் வைத்தியத்துக்கும் தை மாதத்தில் முன்பணம் வாங்குகிறார்கள். வாங்கியவர் புளியை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கு, அவர் தராசில் போட வேண்டும். கழிவு என்று மூட்டைக்கு ஒரு கழிப்பு வேறு. அந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சம் என்றைக்குமே இருந்ததில்லை. காத்திருக்கத்தான் யாரிடமும் காசு இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு வருடமும் ஒரு பூக்குழித் திருவிழாவும் தேவைப்பட்டன.

அதன் பிறகு மகளிர் சுயஉதவிக் குழு மூலமாக மறுபடி முயன்றோம். பதினான்கு பெண்கள் இருந்த குழு. வங்கிக் கடன் வாங்கி, அதைத் தை மாதத்தில் முன்பணம் போலவே உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். புளி அவர்கள் கையிலேயே நின்றது. ஆவணி வரையெல்லாம் காத்திருக்கவில்லை. உடைத்துக் கொட்டை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, ஒரே வண்டியில் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய்ச் சித்திரையிலேயே விற்றார்கள். கொட்டையைத் தனியே மாவு மில்லுக்குப் போட்டார்கள். புளியங்கொட்டை மாவு துணிக்குக் கஞ்சி போடப் பயன்படுகிறது என்பதே அதுவரை அவர்களில் பலருக்குத் தெரியாது. கிட்டங்கி தேவையே படவில்லை.

இதை வெற்றிக் கதையாக எழுதிவிடாதீர்கள். மூன்றாம் வருடம் ஐந்து பேர் பழைய வியாபாரியிடமே திரும்பிப் போனார்கள். ஏன் என்று இந்த முறை கேட்டேன். "ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு போய்க் கதவத் தட்டுனா அவுக காசு எடுத்துத் தர்றாக. உங்க பேங்கு தொறந்து வைக்குமா?" என்றார் ஒருவர். அதற்கு நான் படித்த பொருளாதாரத்தில் பதில் இல்லை. ஆனால் மற்ற ஒன்பது பேர் அடுத்த பல வருடங்கள் சொந்தத் தராசில் விற்றார்கள். ஒரு கை விரலில் எண்ணலாம் என்றேனே, அதில் முதல் விரல் இது.

இதற்கிடையில் 1998-இல் நாங்கள் சில பேர் பாலக்காட்டுப் பக்கம் போயிருந்தோம். கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளிடம் கொடுத்திருந்தார்கள். பணத்தை விட என்னை அசத்தியது ஒரு புத்தகம். ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன்னைப் பற்றித் தானே ஒரு வளர்ச்சி அறிக்கை போட்டிருந்தது. அதில் ஊரின் வரலாறு, எந்த வயலில் என்ன விளைந்தது, எந்தத் தொழில் எப்போது நின்றது என்று எல்லாம் இருந்தது. நான் பார்த்த பஞ்சாயத்து ஆபீஸில் அது மேசை மேலேயே கிடந்தது, ஓரம் மடங்கி, டீ கறையோடு. என் அறிக்கைகள் எதிலும் டீ கறையை நான் பார்த்ததில்லை. இன்னொன்று, ஓய்வுபெற்ற பொறியாளர்கள், டாக்டர்கள், பேராசிரியர்கள் எல்லாரையும் கூப்பிட்டுத் தன்னார்வத் தொழில்நுட்பக் குழு என்று அமைத்திருந்தார்கள். பஞ்சாயத்து போட்ட திட்டத்தை அவர்கள் சரிபார்த்துக் கொடுப்பார்கள். குழப்பங்களும் இருந்தன, சண்டைகளும் இருந்தன. ஆனால் திட்டத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் குழப்பம் இல்லை.

நம் ஊரிலும் 1994-இல் ஊராட்சிச் சட்டம் வந்தது. 1996-இல் தேர்தல் நடந்து, முதன்முறையாகப் பெண் தலைவர்கள் ஏராளமாக வந்தார்கள். அரசியல் சட்டப்படி மாவட்டத் திட்டக் குழு இருக்க வேண்டும், அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். என் பணிக்காலத்தில் அந்தக் குழுவின் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். டீ, பிஸ்கட், அடுத்த கூட்டத் தேதி. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை தொடங்கியபோது தமிழ்நாட்டின் முதல் ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. அப்போது ஊராட்சிக்கு ஊராட்சி வேலைப் பட்டியல் தயாரித்தோம். 2015-க்குப் பிறகு ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று புதுப் படிவம் வந்தது. பக்கத்து ஊராட்சியின் படிவத்தை நகல் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிய ஒன்றை நான் பார்த்தேன். ஓரிடத்தில் மாற்ற மறந்துவிட்டார்கள், அதனால்தான் தெரிந்தது.

ஒருமுறை ஆய்வு செய்த ஊருக்குத் திரும்பிப் போவது நமக்குப் புதிய யோசனை ஒன்றும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915-இல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், 1916-இல் தம் மாணவர்களைக் கிராமங்களைக் கணக்கெடுத்து எழுதி வரச் சொன்னார். விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டு, வட ஆர்க்காட்டில் தூசி, திருநெல்வேலியில் கங்கைகொண்டான், தஞ்சையில் பாலக்குறிச்சி, சிவகாசிப் பக்கம் வடமலாபுரம் ஆகியவை அவற்றில் சில. 1930-களின் நடுவில் வேறு பேராசிரியர்கள் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். 1961-இல் மறுபடி. 1980-களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் மறுபடி. 2008-இல் இருவேல்பட்டுக்கு இன்னொரு முறை. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு, ஒரே ஊர். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி வேலைக்காரர் எப்போது நிமிர்ந்து பேசத் தொடங்கினார் என்பதெல்லாம் அப்படித் திரும்பத் திரும்பப் போனதால்தான் தெரிந்தது. காந்திகிராமத்தில் 1956-இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் தொடங்கியதும், அது 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானதும், படிப்பையும் சுற்றியுள்ள ஊர்களையும் பிரிக்கக் கூடாது என்ற எண்ணத்தில்தான்.

என் அனுபவம் வேறு. ஏற்கெனவே ஆய்வு செய்த ஊருக்கு மறுபடி போக அனுமதி கேட்டு எழுதினால், 'மேற்படி கிராமத்தில் ஆய்வு முடிவுற்றதால் பயணப்படி அனுமதிக்க இயலாது' என்று குறிப்போடு திரும்பும். புது ஊர் என்றால் புதுத் தலைப்பு, புதுக் கட்டுரை, பதவி உயர்வுக்குப் புது மதிப்பெண். பழைய ஊருக்குப் போனால் பழைய தப்புத்தான் தெரியவரும். அதற்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? இளம் ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, பதவி உயர்வு வேண்டியிருக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். 2019-இல் வளாகத்துக்கு ஒரு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. வெள்ளையடிப்பு, பூந்தொட்டி, பழைய சாமான் வெளியேற்றம். ஒருநாள் காலை எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு குட்டியானை வண்டி நின்றது. பழைய பேப்பர்க் கடைக்காரர் காகிதக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏதோ விடைத்தாள் என்று நினைத்துத் தாண்டிப் போனவன், மேலே கிடந்த தாளில் என் கையெழுத்தைப் பார்த்தேன். வீடுவாரிக் கணக்கெடுப்புப் படிவங்கள். பதினைந்து, இருபது ஊர்களுடையவை. கரையான் தின்றது போக மீதி, எடைக்கு. கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு கட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன். இருநூறு ரூபாய் கொடுத்தேன், "பாதி மண்ணு சார், நூறே போதும்" என்று மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

கட்டைப் பிரித்தால், அதே புளி ஊர். 1991-இல் எடுத்தது, கொட்டை வைத்ததற்கு மூன்று வருடம் முன்பு. நூற்று நாற்பது சொச்சம் வீடுகள், வீட்டுக்குப் பதினோரு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் 'கடன் தொகை', 'யாரிடம்' என்று இரண்டு கட்டங்கள். தொகைக் கட்டத்தில் 300, 600, 450 என்று எண்கள். 'யாரிடம்' என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் 'சொல்ல மறுத்தார்'. அடுத்த வீட்டிலும் 'சொல்ல மறுத்தார்'. அடுத்த வீட்டிலும். இருபது வீடு தாண்டியதும் கை வலித்திருக்க வேண்டும், 'சொ.ம.' என்று சுருக்கியிருந்தேன். அப்புறம் 'சொ.ம.'கூட இல்லை, வெறும் ஒரு கோடு. அட்டவணை போடும்போது கோடுகளையெல்லாம் 'விவரம் இல்லை' என்ற கட்டத்தில் தள்ளி, கணக்கிலிருந்து நீக்கியிருந்தோம்.

அதாவது, 1994-இல் கொட்டையோடு மந்தைக்குப் போவதற்கு முன்பே பதில் எங்கள் அலமாரியில் இருந்தது. ஒரு ஊரே சேர்ந்து ஒரு பெயரைச் சொல்ல மறுக்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது ஒருவர் அந்தப் பக்கங்களை வரிசையாகப் புரட்டியிருந்தால் போதும். புரட்ட வேண்டியவன் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கிட்டங்கி இப்போது பகுதிநேர ரேஷன் கடை, வாரம் இரண்டு நாள் திறக்கிறார்கள். சுவரில் 'புளி சே' வரை இன்னும் தெரிகிறது. திண்ணையில் உட்கார்ந்து படிவங்களைப் பிரித்ததும் ஆட்கள் கூடிவிட்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு பையன் தன் தாத்தா வீட்டுப் படிவத்தைத் தேடி எடுத்தான். 'சைக்கிள் 1. ரேடியோ 1 (பழுது).' அவன் சிரிக்கவே இல்லை. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். பூக்குழியில் பார்த்த அம்மா உயிரோடு இல்லை. அவர் மருமகள், மாமியார் பெயருக்கு நேரே இருந்த 'சொல்ல மறுத்தார்' என்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இப்பக் கேட்டாலும் சொல்ல மாட்டோம் சார். இப்ப வேற ஆளு, வாரத் தவணை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அன்று அரைமணி நேரத்தில் அந்த ஊரின் கடனைப் பற்றி நான் தெரிந்துகொண்டது, பதினோரு பக்கப் படிவத்தில் வராதது. கேட்க வந்த கேள்வியோடு போகாமல், அவர்கள் காகிதத்தை அவர்களிடமே கொடுக்கப் போனதால் வந்தது.

அந்த வாசகருக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்: பல்கலைக்கழகங்கள் நிறையச் செய்தன, ஒரு தடவை செய்தன. நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கிராமத்தில் எடுத்த படிவமும் போட்ட திட்டமும் ஒரு நகல் அந்த ஊராட்சியில் இருக்க வேண்டும், தமிழில். என் அறிக்கைகளில் பாதி ஆங்கிலத்தில் இருந்தன, வெட்கமாகத்தான் இருக்கிறது. திட்டம் போட்டவரே ஐந்து வருடம் கழித்து, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் நிற்க வேண்டும். அந்தப் பயணத்துக்குப் படி கொடுங்கள், அதற்கு மதிப்பெண்ணும் போடுங்கள். என்னைப் போல ஓய்வு பெற்று வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். பஸ் கட்டணம் கொடுத்தால் வருவார்கள், கொடுக்காவிட்டாலும் பாதிப் பேர் வருவார்கள்.

ஆனால் நிற்பதற்குச் சபை வேண்டும், கேட்பதற்குத் தலைவர் வேண்டும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. தனி அலுவலர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஒருவர் தலையில் எத்தனை ஊராட்சி என்பதுதான் கேள்வி. 1984-இல் நான் பார்த்ததும் இப்படித்தான், தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத ஊரில் திட்டத்தை யாரிடம் கொடுப்பது என்றே தெரியாது.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லையென்றால் ஐ.ஆர்.டி.பி. மாட்டை வெட்டிவிடுங்கள், ஏற்கெனவே ஒரு காது போன மாடுதான். புளியங்கொட்டைப் பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

அந்தக் கட்டு இப்போதும் என் வீட்டு அலமாரியில், பிளாஸ்டிக் பையில், நாப்தலின் உருண்டையோடு இருக்கிறது. போன மாதம் ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைக்கலாம் என்று எடுத்துப் போனேன். செயலர் நல்ல பையன், டீ வாங்கிக் கொடுத்தான். கட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்கிக்கிறதுல ஒண்ணும் இல்ல சார். எந்த ரிஜிஸ்டர்ல வரவு வைக்கிறதுன்னுதான் தெரியல" என்றான். இருவரும் அலமாரியில் இருந்த பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். நான்கு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழகத் திட்ட அலுவலர்,
திண்டுக்கல்.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)